அஞ்சாவது போல்ட்

"இதைச் செய்யறதுக்கு உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

பழைய கார்கள் சங்கத்தின் தலைவர் கேட்டது வேறு யாரையும் இல்லை, சொந்தத் தம்பி மனைவியை. சங்கத்து ஷெட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் அவளுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரத்தை, ஏதோ விபத்தை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனும் தம்பியும் ஒரே வருஷம், ஒரே நிறத்தில் ஜோடியாக வாங்கிய கார்கள். சக்கரத்துக்கு நாலு போல்ட். சங்கத்து ஊர்வலத்தில் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகும். தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நினைவாக இந்தத் தடவை அவர் மனைவியே ஓட்டுவதாக இருந்தது. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய இடம்.

இப்போது என்னடாவென்றால், சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பையே மாற்றி, எந்தக் கடையிலும் கிடைக்கிற அஞ்சு போல்ட் சக்கரத்தை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். தலைவருக்கு வயிறு எரிந்தது. தம்பி பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டி ஆயிற்றே!

ஏன் மாற்றினாய் என்றார்கள். என் வண்டி, மாற்றினேன் என்றாள். பழைய சக்கரம் எங்கே என்றார்கள். கொடுத்துவிட்டாளாம். யாருக்கு என்றால், தேவைப்பட்டவர்களுக்கு என்று வாயை மூடிக்கொண்டாள். பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருப்பாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தலைவர் பொரிந்து தள்ளிவிட்டார். அந்தச் சக்கரத்தை இப்போது எவனும் செய்வதில்லை, அதற்காகத் தவம் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? தலைவரின் சொந்த வண்டியையே எடுத்துக்கொள்ளட்டும். போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் விட்டபோது, இது தாங்காது, அஞ்சு போல்ட்டுக்கு மாறிவிடுங்கள் என்று மெக்கானிக் தலைதலையாக அடித்துக்கொண்டார். மாறினாரா இவர்? உயிரே போனாலும் மாட்டேன் என்று அதே சக்கரத்தில்தான் ஓட்டினார். கடைசியில் அந்த மெக்கானிக்கே வழிக்கு வந்து, நாலு சக்கரத்தையும் சரிபண்ணி, பாலிஷ் போட்டு மாட்டிக் கொடுக்கவில்லையா? மனுஷனுக்குப் பிடிவாதம் வேண்டும்.

கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. தலைவரின் மனைவி மட்டும் தட்டவில்லை.

"ஊர்வலத்துக்குள்ள பழையபடி மாத்திடு. இல்லைன்னா இந்த வண்டிக்கு இங்க இடமில்லை" என்றார் தலைவர்.

"மாத்த மாட்டேன் மாமா." அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "பேரை அடிச்சுக்கோங்க. ரோடு உங்க சங்கத்துச் சொத்தில்லையே. உங்களுக்குப் பின்னாடியே ஓட்டிக்கிட்டு வருவேன். முடிஞ்சா தடுங்க."

ஓட்டெடுப்பு நடந்தது. ஆள் வைத்துத் தள்ளி ஸ்டார்ட் பண்ணி வந்தவர்கள்கூட, என்னமோ பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மாதிரி கம்பீரமாகக் கை தூக்கினார்கள். ஊர்வலப் பட்டியலில் அவள் பேரை அடித்துவிட்டார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலை குனியாமல் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தலைவரும் வந்து தன் காரில் ஏறி, மனைவிக்காகப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறவில்லை. தம்பி மனைவியின் கார் பக்கமாக நடந்தாள்.

"அங்க எங்க போற?"

"அவகூட வர்றேன். ஊர்வலத்துக்கும் அந்த வண்டியிலதான் வருவேன்."

"என் மானத்தை வாங்காதே. சங்கமே வேண்டாம்னு தள்ளின வண்டி அது."

அவள் திரும்பி வந்தாள். இத்தனை வருஷத்தில் இப்படி நிமிர்ந்து நின்று அவள் பேசி அவர் கேட்டதில்லை.

"சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கா. அந்தச் சத்தியம் இன்னையோட போகட்டும். உங்க விரிசல் சக்கரத்தை யாராலயும் சரிபண்ண முடியலைங்க. நீங்களும் கேக்கற ஆளில்லை. உங்களை உயிரோட வச்சுக்கணுமேன்னு நான் அவகிட்டப் போய் அழுதேன். மறுபேச்சு பேசாம தன் வண்டியில இருந்து நாலு சக்கரத்தையும் கழட்டிக் கொடுத்தா. இப்ப நீங்க ஏறி உக்காந்திருக்கறது உங்க தம்பி சக்கரத்து மேலதான்."