இருபது நிமிட ஃபைல்

“கம்ப்யூட்டர் ரிப்பேர்னா, ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்றதுதானே?”

“அதுக்கு மேலயும் கொஞ்சம் இருக்கு மாமா.”

கல்யாணப் பேச்சின்போது மாமனார் கேட்ட கேள்வி, நான்கு வருடங்களாக மாப்பிள்ளையின் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. அதனால்தான், மாமனாரின் அலுவலகத்தில் சரக்கு இருப்பு ஸ்ப்ரெட்ஷீட் ‘மெமரி போதவில்லை’ என்று படுத்துவிட்டதாக முதலாளி கூப்பிட்டதும் பறந்து போனார்.

உள்ளே பார்த்தால், காலியாகக் கிடந்த லட்சக்கணக்கான வரிகளுக்கும் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். பத்து வருடத்துப் பழைய பக்கங்கள் வேறு மறைந்து கிடந்தன. எல்லாவற்றையும் துடைத்தெடுத்தார். இருபது நிமிடம் இழுத்தடித்த ஃபைல் இரண்டே நொடியில் திறந்தது. முதலாளி கைகுலுக்கினார். மாமனார் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வீடு தேடி வந்தார்.

“அப்பா உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம். மூணு நாளா மென்னு முழுங்கிட்டிருக்கார்” என்று மனைவி காதைக் கடித்தாள்.

முதலில் பாராட்டு வரும் என்று மாப்பிள்ளை சட்டையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எதுக்குத் தயக்கம் மாமா? சும்மா கேளுங்க.”

மாமனார் ஆறிப்போன டீயையே ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அந்த ஃபைல் திறக்கக் காத்திருக்குற நேரத்தையும் வேலையாக் காட்டித்தான், மாப்பிள்ளை, எங்க பிரிவுல நாலு பேர் இருந்தோம். இப்ப ஒருத்தர் போதுமாம். அந்த ஒருத்தர் நான் இல்லை.”

மாமனார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் அந்த ஃபைலைப் பழையபடி ரிப்பேர் ஆக்கிக் குடுங்களேன்.”