பாக்கியலட்சுமிக்கு என்ன தெரியும்?

"ஒண்ணு பாக்கியலட்சுமி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். முடிவு பண்ணிக்க ஷாந்தினி!"

நான் கத்துன கத்துல கீழ இருக்குற துணிக்கடைக்காரர்கூட பயந்திருப்பாரு.

பாக்கியலட்சுமி எங்க ஆபிஸ்ல வேலை பாக்குறவங்க இல்ல. நாங்க செய்யுற வீடியோ கேம்ல வர்ற ஒரு ஆள்.

அலோர் காஜா டவுன்ல ஒரு கடைக்கு மேல்மாடியில நாங்க நாலு பேரு. ஷாந்தினி கேமை யோசிக்கிறவ. அமீருல் கோட் எழுதுறான். மர்வா படம் வரையிறா. நான் கணேஸ்வரன், ஆடிப் பார்த்துக் குறை சொல்றவன். வயசு நாப்பத்திரண்டு. சின்னப் பிள்ளைங்களோட மாரடிக்கணும்னு என் தலையெழுத்து.

கேம் இதுதான். எஸ்டேட்டைச் சுத்தி வெள்ளம். மேட்டுல இருக்குற பள்ளிக்கூடத்துல ஆறு பேரு மாட்டிக்கிட்டாங்க. முப்பது நாள் உயிரோட இருக்கணும். மத்த கேம்ல ஒரு பட்டனைத் தட்டுனா புது வித்தை வந்துடும். இதுல வித்தை எல்லாம் ஆளுங்க தலைக்குள்ள. தண்ணி சுத்தம் பண்ணத் தெரிஞ்சவர் கந்தசாமி. வைத்தியம் தெரிஞ்சவங்க நர்ஸ் நூர் பீவி. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுக்கணும். கொடுக்காம செத்துட்டா அந்த வித்தையும் அவரோட போச்சு.

பாக்கியலட்சுமிக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது! ஆளுங்க விவரம் எழுதி வச்சிருக்குற அட்டவணையில அவங்க 'திறமை' கட்டம் காலி. ஆராய்ச்சி வேகம் சைபர். தினம் ஒரு பங்கு சோறு மட்டும் தப்பாம திம்பாங்க.

"முப்பது தடவ ஆடிட்டேன். முதல் நாள் வர்ற படகுல ஒரு இடம்தான் இருக்கு. அந்தம்மாவத்தான் ஏத்தி அனுப்புறேன். இருந்து என்ன பண்ணப் போறாங்க?"

"அப்படி அனுப்பி, ஒரு தடவையாச்சும் முப்பதாவது நாளப் பார்த்தீங்களாண்ணே?" ஷாந்தினி மெதுவா கேட்டா.

"அது வேற. இருபதாவது நாள் கந்தசாமியும் நூர் பீவியும் முறைச்சுக்கிட்டு உக்காந்துடுறாங்க. சொல்லித்தர மாட்டேங்குறாங்க. அப்புறம் காய்ச்சல், வரிசையா சாவு. அது அமீருல் எழுதுன கோட்ல கோளாறு."

"கோளாறு இல்லண்ணே," அமீருல் முனகுனான்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கோலாலம்பூர் கம்பெனிக்கு கேமை அனுப்பணும். அவங்க வேண்டாம்னா இந்த மாசத்தோட ஆபிஸ் மூடியாச்சு. இந்த நேரத்துல இந்தப் பொண்ணு வேண்டாத ஒரு ஆளுக்காகப் பிடிவாதம் பிடிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வராதா?

"யாரோ வேண்டப்பட்டவங்கள உள்ள திணிச்சிருக்கே. அதானே?"

எங்க ஆபிஸ்ல ஒரு பழக்கம். கேம்ல வர்ற ஒவ்வொரு ஆளையும் நிஜமா ஒருத்தரைப் பார்த்துத்தான் எழுதணும். அவர் பேரை அட்டவணையோட கடைசிக் கட்டத்துல போடணும். கந்தசாமி, எங்க கடைத்தெருவுல பைப் வேலை பாக்குறவர். நூர் பீவி, மர்வாவோட மாமி.

"ஆமாண்ணே, ரொம்ப வேண்டப்பட்டவங்க," ஷாந்தினி சிரிச்சா. "அனுப்பாம ஒரே ஒரு தடவ ஆடுங்க. அப்பவும் வேண்டாம்னா நானே எடுத்துடுறேன்."

"ஆட எனக்கு நேரத்த விட்டாத்தானே! நேத்து அமீருலும் மர்வாவும் ஒரு படத்துக்காகச் சண்டை போட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேரையும் என் காடியில ஏத்தி ஓட்டிட்டுப் போய், கிளேபாங் கடற்கரையில ஆளுக்கொரு கோக்கனட் ஷேக் வாங்கிக் கொடுத்து, பேச வச்சுக் கூட்டியாந்ததுல என் பாதி நாள் போச்சு. அப்புறம் மழைன்னு மர்வாவ லூபோக் சீனாவுல இருக்குற அவ வீடு வரைக்கும் கொண்டு போய் விட்டேன். இன்னைக்கு நீ பசியாறல, உனக்கு ரொட்டி சானாய் வாங்க ஓடுனேன். என் வேலைய நான் எப்பப் பாக்குறது?"

மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. குத்த உணர்ச்சி போலன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்தேன்.

பாக்கியலட்சுமிய அனுப்பல. பன்னெண்டாவது நாளே சோறு குறைஞ்சுது.

"பார்த்தியா! சொன்னேன்ல?"

ஷாந்தினி மேல ஆடச் சொல்லி ஸ்கிரீனைக் காட்டுனா.

இருபதாவது நாள். வழக்கம்போல கந்தசாமி ஒரு மூலையில, நூர் பீவி ஒரு மூலையில. பாக்கியலட்சுமி ரெண்டு கோப்பை பால் இல்லாத தே ஓ போட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க. நடுவுல உக்காந்தாங்க. அவ்வளவுதான் செஞ்சாங்க.

கீழ ஒரு வரி வந்துச்சு: 'கந்தசாமி நூர் பீவிக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.'

காய்ச்சல் வந்துச்சு. யாரும் சாகல. முப்பதாவது நாள் தண்ணி வடிஞ்சு ஆறு பேரும் பள்ளிக்கூடத்த விட்டு நடந்து வெளிய வந்தாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

மணி நாலே கால்.

"சரி, சரி. அந்தம்மா இருக்கட்டும்."

"அப்ப நீங்க கிளம்புறீங்களாண்ணே?" மர்வா வம்புக்கு இழுத்தா.

"வாய மூடுலா!"

அனுப்புறதுக்கு முன்னால கடைசியா அட்டவணையச் சரி பார்த்தேன். எப்பவும் நம்பர் இருக்குற கட்டங்களோட நிறுத்திக்குவேன். அன்னைக்கு, அந்தம்மா நிஜத்துல யாருன்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. நேர்ல போய் ஒரு நன்றி சொல்லிட்டு வரணும். கடைசிக் கட்டத்துக்குப் போனேன்.

'யாரைப் பார்த்து: கணேஸ்வரன் அண்ணன். ஆம்பளையா வரைஞ்சா கண்டுபிடிச்சிடுவாரு. இவரு இல்லாட்டி நாம எப்பவோ சிதறியிருப்போம். யாரும் சொல்லிடாதீங்க, மனுஷன் அழுதுடுவாரு.'

அழுதுட்டேன்லா.