மச்சானின் மஞ்சள் நோட்டீஸ்

விழுப்புரம் மாவட்டப் பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த திருவாளர் கோதண்டபாணி, இன்று காலை டிபனுக்குப் பிறகு திவாலாகிவிடுவது என்று முடிவெடுத்தார்.

அந்தச் சரித்திர முடிவோடு விழுப்புரத்திலிருந்து கிளம்பி, திண்டிவனத்தில் தங்கை புனிதாவின் கணவர் ஆனந்தராஜின் ஆபீஸ் படியேறினார். ஆனந்தராஜ் வக்கீல். ஆபீஸைவிட போர்டு பெரியது.

"வாங்க மச்சான்! ஒரு முக்கியமான விஷயம் பேசணும்னுதான் வரச் சொன்னேன்." எழுந்து வரவேற்ற ஆனந்தராஜ், மேஜைமேல் விரிந்து கிடந்த புதுக் கார் விளம்பரத்தின் மீது ஒரு தடித்த சட்டப் புத்தகத்தைத் தூக்கி வைத்தார்.

"உங்க விஷயம் இருக்கட்டும் மாப்ள. மொதல்ல என்னைக் காப்பாத்துங்க. மஞ்ச நோட்டீஸ் குடுத்துடலாம்னு இருக்கேன்."

ஆனந்தராஜ் பொத்தென்று உட்கார்ந்தார். மச்சானின் விரலைப் பார்த்தார். கல்யாண நாளிலிருந்து கழற்றாத மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"மல்லாட்டை இந்த வருஷம் காலை வாரிடுச்சு. வட்டிக்கு வாங்கி வட்டி கட்டிக்கினு இருக்கேன். பொண்ணு கலைமதி கல்யாணத்துக்குன்னு சேர்த்து வெச்சதும் அதோட போச்சு. புனிதாவுக்குத் தெரிய வேணாம், அழும்."

ஆனந்தராஜுக்கும் அழுகை வரும்போல இருந்தது. ஆனால் யாராவது சட்டத்தில் சந்தேகம் கேட்டுவிட்டால் அவருக்குச் சொந்தத் துக்கம் மறந்துபோகும்.

"ஜெயில்ல போட்ருவாங்களா மாப்ள?"

உடனே ஆனந்தராஜின் முதுகு நிமிர்ந்தது. எதிரே ஜட்ஜ் உட்கார்ந்திருப்பதாகப் பாவித்துக்கொண்டார்.

"கடன் கட்ட முடியலன்னா அது குற்றம் இல்ல மச்சான். சொத்தை மறைச்சாத்தான் குற்றம். சப் கோர்ட்ல மனு போடணும். இருக்கிறது, வாங்குனது எல்லாத்தையும் ஒளிக்காம எழுதித் தரணும்."

"வீட்டுல எதை வுட்டு வைப்பாங்க?"

"கட்டிக்கிற துணி, சமையல் பாத்திரம், பாய் தலகாணி. அம்சவள்ளி அக்கா கழுத்துல இருக்கிற தாலியைத் தொட மாட்டாங்க."

"மண்டி?"

"போயிடும்."

"வீடு?"

"அதுவும் போயிடும்" என்றார் ஆனந்தராஜ், தீர்ப்பு வாசிக்கும் குரலில்.

"இப்பவே ஜல்தியா யார் பேருக்காவது எழுதி வெச்சிட்டா?"

"செல்லாது! ரெண்டு வருஷத்துக்குள்ள சும்மா எழுதிக் குடுத்ததையெல்லாம் கோர்ட் ரத்து பண்ணிடும்."

கோதண்டபாணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வரவேண்டிய பாக்கி இருக்குதே மாப்ள?"

"கோர்ட் ஒரு ரிசீவரைப் போடும். உங்களுக்கு யார் யார் தரணுமோ அத்தன பேர்கிட்டயும் அவர் வசூல் பண்ணுவாரு. சொந்தம் பந்தம்னு தாட்சண்யமே கிடையாது!" மேஜை அதிரத் தட்டினார்.

"அப்போ, இந்த ஆபீஸ் தொறக்க நீங்க என்கிட்ட வாங்குனீங்களே, அது?"

அடுத்த தட்டுக்குத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"அது... மூணு வருஷம் தாண்டிடுச்சு மச்சான். காலாவதி. சட்டம் அப்படி."

"சட்டம்னா சட்டம்தான்" என்று கோதண்டபாணி பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். "இன்னும் ஒன்னே ஒன்னு. எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவங்க கதி?"

"அவங்க மாட்டுனாங்க! நீங்க தப்பிச்சாலும், கடன் குடுத்தவன் நேரா போய் அவங்க கழுத்துல உக்காந்துப்பான்." கம்பீரமாகச் சொல்லி முடித்த வக்கீலின் முகம் மெல்ல மாறியது. "மச்சான்... நான் எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டிருக்கேனா?"

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கினு இருக்கேன் மாப்ள."

தலைக்குமேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் ஆனந்தராஜுக்கு வேர்த்தது.

"சரி, நீங்க ஏதோ முக்கியமான விஷயம்னீங்களே?"

"ஒன்னுமில்ல மச்சான். பார்த்து நாளாச்சேன்னு சும்மாதான்." புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கார் சக்கரத்தை உள்ளே தள்ளினார். வாசல்வரை வந்தார். மச்சானின் வலது கையைத் தன் இரு கைகளாலும் பற்றி அழுத்தி வழியனுப்பினார்.

கோதண்டபாணி தலையைத் தொங்கப் போட்டபடி தெருமுனைவரை நடந்தார். முனை திரும்பியதும் தலை நிமிர்ந்தது, நடையும் வேகமானது.

மேம்பாலத்து நிழலில் அவருடைய கார் நின்றது. முன்சீட்டில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்த மனைவி அம்சவள்ளி, கைப்பையைத் திறந்து மோதிரத்தை எடுத்து நீட்டினாள். அவர் அதை விரலில் மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

"தங்கச்சி புருஷன் கேட்டா இல்லேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராதே! காரு வாங்க அஞ்சு லட்சம் கேக்கப் போறாருன்னு புனிதாவே போன் பண்ணிச் சொல்லுச்சு. நெஜத்தச் சொல்லுங்க, கலைமதி கல்யாணப் பணம் இருக்குதா, தூக்கிக் குடுத்துட்டீங்களா? எவ்ளோ கேட்டாரு?"

"கேக்கல. பஸ்ஸுக்கு எரநூறு குடுத்தாரு."