வராதவனின் ஆள்

கர்ட்டின் அம்மா லைல் வீட்டுக் கீழறைப் படிகளில் இறங்கி வந்தபோது லைலின் கையில் பகடை இருந்தது. அவன் அதை உருட்டவில்லை.

கர்ட்டின் இறுதிச் சடங்கின்போது லைலின் அம்மா சமைத்துக் கொடுத்த கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்திருந்தாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்க மனம் வராமல் அதில் எலுமிச்சை கேக் சுட்டு அடுக்கியிருந்தாள். மகன் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

லைல், ஆரின், டென்னி மூவரும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்கப்பா. இதுதான் அந்த விளையாட்டா?"

பிங்பாங் மேசை முழுக்க ஒரு நகரத்தின் வரைபடம் கிடந்தது. கஸ்ஸாரா. அப்படி ஒரு நகரம் உலகத்தில் எங்கும் இல்லை. ஆரின் இரண்டு வருஷமாக உட்கார்ந்து உண்டாக்கியது. ஐந்து ஆறுகள், அண்ணன் தம்பியைக் கொன்று முடிசூடிய ராஜாக்கள், எந்தக் கோவிலுக்குள் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்பது வரை எல்லாம் அவன் யோசித்தது. பிச்சைக்காரர்களுக்குக்கூடத் தனிச் சங்கம் உண்டு. இதில் பாதி அக்கறையைக் கல்லூரிப் பாடத்தில் காட்டியிருந்தால் அவன் அப்பா அவனோடு பேசிக்கொண்டிருப்பார்.

ஆரின் நடுவர். மற்றவர்களுக்கு அந்த நகரத்தில் ஆளுக்கு ஒரு கற்பனை ஆள்; பகடை உருட்டி அவனை நடத்துவார்கள். கர்ட்டின் ஆள் பெயர் தெமுன். உப்பு வியாபாரி, வாய்ச்சவடால் பேர்வழி. வாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமலே இரண்டு வருஷம் உயிரோடு இருந்தவன்.

"தெமுன் இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டாள் கர்ட்டின் அம்மா. "சாப்பிட உக்காந்தா அவன் கதைதான் எங்க வீட்டுல. அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல எனக்கு."

டென்னி ஆரினைப் பார்த்தான்.

தெமுன் செத்துவிட்டான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்கு வராதவனின் ஆள்தான் எல்லாருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறக்க வேண்டும். பாதி விளையாட்டு, பாதி தண்டனை. அந்தச் சனிக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. கர்ட்டுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, ராஜாக்களின் கல்லறையில் தாமிரக் கதவைத் திறக்கத் தெமுனை அனுப்பினார்கள். மேலிருந்து கல் விழுந்தது. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கர்ட் வந்ததும் அவன் முகம் எப்படிப் போகும் என்று டென்னி நடித்துக்கூடக் காட்டினான்.

அந்த நேரத்தில் கர்ட்டின் கார் நெடுஞ்சாலை ஓரத்தில் தலைகீழாகக் கிடந்தது.

ஆரின் தொண்டையைச் செருமினான். பகடை சொன்னால் சொன்னதுதான் என்று சாதிக்கிறவன் அவன். சொந்தத் தம்பியின் ஆளையே பாம்புக்கு இரையாக்கிவிட்டு, அழுத தம்பியிடம் ஆட்ட விதியைப் படித்துப் பார்க்கச் சொன்னவன்.

"நல்லா இருக்கான், மிஸஸ் சோல்ஹைம்," என்றான். "துறைமுகத்துல கடை போட்டிருக்கான்."

"வாய் மட்டும் கொறையல," என்று டென்னியும் சேர்ந்துகொண்டான். "ஆத்து மணல அரண்மனை சமையல்காரன்கிட்டயே உப்புன்னு வித்துட்டான்."

அவள் சிரித்தாள். "அவன்தான். அப்படியே அவன்தான்."

லைலால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "லைல், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் கீழ வந்தேன். அன்னிக்கு அவன் வர்றதாவே இல்ல. பனியப் பாத்துட்டு பூட்ஸக் கழட்டிப் போட்டு சோபாவுல படுத்துட்டான். அப்புறம் உன் ஃபோன் வந்துச்சு. பேசிட்டு ஒரே சிரிப்பு. ‘நான் போகலன்னா என்னைக் கொன்னுடுவாங்கம்மா’ன்னு சொல்லிட்டு ஓடினான். அப்படி என்னப்பா சொன்னே?"

அந்த ஃபோனைப் பற்றி எதுவும் தெரியாத ஆரினும் டென்னியும் லைலைப் பார்த்தார்கள். ஃபோன் மேலே சமையலறையில் இருந்தது. அன்று லைல் பாப்கார்ன் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போனான்.

சொல்லிவிடலாம் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். ‘நீ வரலன்னா தெமுன் செத்தான்’ என்று ஃபோனில் மிரட்டியதை இந்த மூன்று வாரமாகத் தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தவன். ஆனால் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நீ இல்லாம நல்லா இருக்காதுடான்னு சொன்னேன்."

அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கோட்டில் வெளிக் குளிர் ஒட்டியிருந்தது.

"வருந்தி வருந்திக் கூப்பிட ஒருத்தன் இருந்தானே என் பிள்ளைக்கு," என்றாள். "சந்தோஷமாத்தான் கிளம்பிப் போனான். அது உன்னாலதான்."

அவள் விட்ட பிறகும் லைல் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

அவள் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, கேக்கைக் காய்ந்துபோக விடாமல் சாப்பிடச் சொல்லிவிட்டுப் படியேறினாள். ஆரினும் டென்னியும் அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பாமல் லைல் படிகளின் அடி வரை போனான்.

"பார்த்துப் போங்க, மிஸஸ் சோல்ஹைம்," என்றான். "ரோடு வழுக்கும்."