கையெழுத்துக்கு அடியில்

பிரபல ஓவியரின் ஆரம்பகால ஓவியக் கண்காட்சி தொடங்க இன்னும் அரை மணி நேரமே இருந்தது. அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவள் இயக்குநரின் அறைக்குள் வந்து எக்ஸ்ரே படத்தை மேசையில் வைத்தாள்.

"போன வாரம் வந்த மொட்டைக் கடுதாசி சொன்னது நிஜம்தான் சார். ஏழாவது படத்துல அவரோட கையெழுத்துக்கு அடியில வேற பேர் இருக்கு. அவரோட அக்கா பேர்."

இயக்குநருக்கு முகம் வெளுத்தது.

"அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் படமே அதுதானேம்மா. வெளியில தெரிஞ்சா என் தலைதான் உருளும். நீ வாயைத் திறக்காதே."

"தெரிஞ்சே எப்படி சார் பொய்யான பேரை மாட்டி வைக்கிறது?"

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஓவியரே உள்ளே வந்துவிட்டார். மேசைமேல் இருந்த எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இயக்குநர் பதறி எழுந்தார். "மன்னிக்கணும் சார். எவனோ வேலை மெனக்கெட்டு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். இந்தப் பொண்ணும் அதை நம்பி..."

"அதை எழுதினவன் நான்தான்" என்றார் ஓவியர்.

அவர் எக்ஸ்ரேயைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"நாப்பது வருஷமா என் வாயால சொல்ல வரலை. நீங்களாவது கண்டுபிடிச்சுச் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். இப்ப போய்ப் பார்த்தா, படத்துக்குக் கீழே அட்டையில இன்னும் என் பேர்தான் இருக்கு." அவர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா வாசல்ல கார்லேர்ந்து இறங்கிட்டா. கொஞ்சம் சீக்கிரம் மாத்தும்மா."

இயக்குநரின் அனுமதிக்குக் காத்திராமல் அவள் கூடத்தை நோக்கி ஓடினாள்.