தளபதியின் தழும்பு

மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்காக ஈயத்தில் வார்த்த தளபதிப் பொம்மை அது. கன்னத்தில் வாள்வெட்டுத் தழும்பு, பூட்ஸில் சேறு, எல்லாம் தூரிகையின் கைவண்ணம். வர்ணம் காய்வதற்குள் வீரம் வந்துவிட்டது.

"இந்தத் தழும்பு எந்தச் சண்டையில பட்டது தெரியுமாடா?" என்று, வர்ணமே காணாத பழைய சிப்பாய்ப் பொம்மையை அதட்டியது.

நாற்பது ஆட்டம் ஆடி ஈட்டி முறிந்திருந்த சிப்பாய், "தெரியலீங்க ஐயா" என்றது.

மறுநாள் முதல் ஆட்டம். உருண்டு வந்த பகடை இடித்துத் தளபதி குப்புற விழுந்தது. மூக்கில் வர்ணம் பெயர்ந்தது. தூரிகை ஓடி வந்து பூசி மறைத்தது.

"ஐயா, நிஜமா பட்ட அடி அது ஒண்ணுதான். அதைப் போய் ஏன் மறைக்க விட்டீங்க?"

"சீ, பார்க்கவே அசிங்கமா இருந்துச்சுடா!" என்றது தளபதி, தழும்பு தெரியும்படி கன்னத்தைத் திருப்பிக்கொண்டு.