சாலமோனின் ரெண்டு சாப்பாடு

"இதுக்கு மட்டும் ஏன்யா நீ பதில் போடல?"

ஷிப்ட் முடிந்து வந்த சாலமோன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மெர்சி போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

கம்பெனி கேன்டீனில் டோக்கனை எடுத்துவிட்டு, முகம் பார்த்துச் சோறு போடும் மெஷின் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சாலமோனுக்கு வேறு நினைப்பே இல்லை. தொழிலாளர்களின் பேஸ்புக் குரூப்பில் தினமும் ஒரு பதிவு. 'என் முகம் என் உரிமை', 'சோறு போட்டு மூஞ்சியைப் பிடுங்காதே' என்று எழுதித் தள்ளினான்.

மெர்சி ஒரு வரி விடாமல் படிப்பாள். பாதி புரியாது. புருஷன் எழுதியதாயிற்றே என்று லைக் போட்டுவிடுவாள்.

இன்றைய பதிவின் கீழே, அவனோடு வேலை பார்க்கும் சந்திரமோகன் எழுதியிருந்தான்.

'கேன்டீன் பொட்டியில தினமும் இவர் நம்பர் டோக்கன் உழுது. கையில ஊட்டு டிபன் பாக்ஸ் வேற. ரெண்டு சாப்பாடு துன்றவனுக்குத்தான் மெஷினப் பாத்தா பயம் வரும்.'

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

"ஊருக்கெல்லாம் சட்டம் பேசுறியே, இதுக்கு மட்டும் வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"வுடுமே. வேல வெட்டி இல்லாதவன்."

"அப்போ டோக்கன் உழுறது பொய்யா?"

சாலமோன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான். "உழுது."

அவ்வளவுதான், மெர்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் குடியிருக்கும் புதுவாயலில் அவள் சமையலைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. சர்ச்சில் விருந்து என்றால் குழம்புக்கு உப்புப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் மீன் குழம்பில் புளி தூக்கல் என்று சொன்ன நாத்தனாரோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

"இருட்டோட எழுந்து ஆக்கிக் குடுக்கறேன். கேன்டீன்ல சொம்மா கெடைக்குதேய்யான்னா, உன் கை ருசி வருமான்னு கேட்ட. அத நம்பி தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறேன் பாரு, என்னச் சொல்லணும். என் சோத்த எங்க கொட்ன?"

கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

"ஐயோ, உன் சோறுதாம்மே துன்றேன், சத்தியமா! டோக்கனத்தான் வேற ஆளுக்குக் குடுத்துட்றேன்."

"யாருக்கு?"

சாலமோன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பேக்கிங்ல சோனியான்னு ஒரு பொண்ணு. கான்ட்ராக்ட். அவங்களுக்கெல்லாம் கேன்டீன் கெடையாது. கைக்கொழந்தய அக்காகிட்ட வுட்டுட்டு வருது. ஒரு நாளு வேல செஞ்சிக்கினே மயங்கி உழுந்துட்ச்சி. பால் குடுக்கற பொண்ணு, வயித்துல ஒண்ணுமில்ல. அன்னிக்கு டோக்கன குடுத்தேன். அப்புறம் எப்டி நிறுத்தறது? டோக்கன யாரு நீட்னாலும் தட்டு வெப்பான். மெஷினு மூஞ்சியில்ல கேக்கும்?"

மெர்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இத அங்க எழுத வேண்டியதுதான?"

"எழுதுனா மறுநாளே அந்தப் பொண்ண வேலய வுட்டுத் தூக்கிடுவான். போட்டும், என்னையே திருடன்னு சொல்லிக்கட்டும்."

இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்றிருந்தது அவளுக்கு. பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"ஏன்யா, என் டப்பாவ அதுகிட்ட குடுத்துட்டு, டோக்கன்ல நீ சாப்ட்ருக்கலாமே? இந்த பேஜாரே இல்லியே!"

சாலமோன் நிஜமாகவே பதறிப்போனான்.

"நல்லாருக்கே கத! உன் மீன் கொயம்ப அதுக்குக் குடுத்துட்டு, கேன்டீன் சாம்பார நான் துன்றதா? இன்னாதான் தர்மம்னாலும் ஒரு அளவு வேணாமா?"

மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் இவன் பக்கம் பக்கமாக எழுதிய உரிமைப் போராட்டத்துக்குள் தன் மீன் குழம்பும் இருந்திருக்கிறது.

"சிரிக்காதமே. மூஞ்சி விஷயமும் தப்புதான். அத வுட மாட்டேன்."

சாலமோனின் சட்டைப்பையில் போன் டொய்ங் என்றது. எடுத்துப் பார்த்தான். மறுபடி சந்திரமோகன்.

'பதில் இல்ல பாத்தீங்களா? ஒருவேள வேற யாருக்கோ டோக்கன் குடுக்கறாரோ? நாளைக்குக் கேன்டீன் வாசல்லயே நின்னு புடிக்கறேன்.'

சாலமோன் முகம் வெளுத்துப்போனது. "போச்சி. அந்தப் பொண்ணு மாட்டிக்கும்."

"மாட்டாது. நாளைலேர்ந்து டப்பா சோனியாவுக்கு. நீ டோக்கன எடுத்துக்கினு போயி, அவன் எதிர்லயே குந்திக்கினு சாம்பார் துன்னு."

"மெர்சி..."

"துன்னு. ராத்திரிக்கு ஊட்ல மீன் கொயம்பு ஊத்தறேன்."

"இது வரைக்கும் உழுந்த டோக்கனுக்கு இன்னா சொல்றது? டப்பா எதுக்குன்னு கேப்பான்."

மெர்சி போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். லைக் தவிர வேறெதுவும் போட்டறியாத விரல், தடவித் தடவி எழுத ஆரம்பித்தது. நடுவில் ஒருமுறை நின்றது. பெருமூச்சு விட்டுக்கொண்டு மிச்சத்தையும் எழுதி, ஊரே பார்க்கும்படி அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாலமோன் படித்தான்.

'நான் சாலமோன் பொண்டாட்டி மெர்சி. அவர் ரெண்டு சாப்பாடு சாப்புடல. டப்பாவ என் மனசு நோவக்கூடாதுன்னுதான் தூக்கிக்கினு வர்றாரு. சாப்புடறது கேன்டீன்லதான். என் சமையல வாய்ல வெக்க முடியாது.'